ஏழு நாளும் ஞாயிறு
இங்கிலாந்தின் பழந் தேவாலயக் கூரைகளில் சூரிய மின்சாரம்

'ஞாயிறு' என்னும் சொல் நம் மொழியிலே இரு பொருள் தருவது. வானத்துச் சூரியனுக்கும் அதுவே பெயர். வாரத்தின் முதல் நாளுக்கும் அதுவே பெயர். ஆங்கிலேயரும் அந்நாளைச் சூரியனுடைய நாள் என்றே அழைக்கின்றனர். அவர்தம் நாட்டுப்புறங்களில் உள்ள பழந் தேவாலயங்கள் பல, வாரத்தில் அந்த ஒரு நாளிலேதான் மணியொலித்து வழிபாட்டுக்கு மக்களைக் கூட்டுகின்றன. கூரைக்கு மேலே காயும் ஞாயிறோ வாரத்தில் ஏழு நாளும் காய்கின்றது. அந்த ஒளியைப் பிடித்து மின்சாரமாக்கி, ஆலயத்தின் விளக்கையும் ஒலிபெருக்கியையும் இயக்கலாகாதா என்ற எண்ணம் கடந்த பல ஆண்டுகளாக அந்நாட்டுச் சபைகளில் வலுத்து வருகின்றது.

வெளியே நின்று நோக்குவார்க்கு இது எளிய காரியமாகத் தோன்றும். கூரை இருக்கின்றது, வெயில் இருக்கின்றது, தகடு விலைக்குக் கிடைக்கின்றது, வேறென்ன வேண்டும் என்பர். ஆயின் எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழைமை வாய்ந்த ஒரு கட்டடத்தின் தலைமேல் இருபத்தோராம் நூற்றாண்டுப் பொருளொன்றை ஏற்றுவது அத்துணை இலேசானதன்று. சட்டம், சிற்பம், பொறியியல், பணம் ஆகிய நான்கு வாயில்களையும் ஒரு சிற்றூர்ச் சபை கடந்தாக வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக வாசகர்களுக்கு எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூரைக்கு இட்ட விலை

மேற்கு இங்கிலாந்திலே, செவேண், ஏவன் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் டியூக்ஸ்பரி என்றொரு பழம் பட்டினம் உண்டு. நோர்மானியர் காலத்தில் எழுந்த பெரியதொரு மடாலயத் தேவாலயம் அப்பட்டினத்தின் அணியாக விளங்குகின்றது. எட்டாம் ஹென்றி மன்னன் நாட்டிலிருந்த துறவி மடங்களைக் கலைத்து அவற்றின் செல்வத்தைக் கவர்ந்த காலத்தில், 1540 இல் இம்மடமும் அரசின் கைக்குச் சென்றது. ஊர் மக்கள் அப்பொழுது முன்வந்து, இது எமது பங்குத் தேவாலயமுமாகும் என வாதாடி, 453 பவுண் கொடுத்து அதனை விலைக்கு வாங்கினர். அத்தொகை எதற்கு மதிப்பிடப்பட்டது தெரியுமா? வானளாவிய தூண்களுக்கன்று, கண்ணாடிச் சாளரங்களுக்கன்று. கூரையில் வேய்ந்திருந்த ஈயத்துக்கும், கோபுரத்தில் தொங்கிய மணிகளின் உலோகத்துக்குமே அந்த விலை.

தேவாலயத்தின் கூரையைக் காப்பது ஊரவரின் கைப்பணத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அந்த நிலை இன்றும் பெரிதும் மாறவில்லை. இங்கிலாந்துத் திருச்சபை அந்நாட்டின் அரச திருச்சபையாயினும், பங்குத் தேவாலயங்களின் அன்றாடச் செலவுக்கு அரசு பணங் கொடுப்பதில்லை. ஏறத்தாழ 16,000 தேவாலயங்கள் அத்திருச்சபைக்கு உள. அவற்றுள் 12,000 க்கு மேற்பட்டவை சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடங்கள். நாட்டில் முதற்றரம் எனப் பதிவு பெற்ற கட்டடங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 தேவாலயங்களே. இவற்றைப் பேணும் பொறுப்பு அவ்வப் பங்கு மக்கள் தெரிவு செய்யும் சபையின் தலைமேல் இருக்கின்றது. அச்சபையினர் பலர் முதியோர். வழிபாட்டுக்கு வருவோரும் பல சிற்றூர்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. எரிபொருள் விலை 2022 இல் ஏறியபொழுது, குளிர்காலத்தில் ஆலயத்தைச் சூடாக்குவதா, கூரை ஒழுக்கைத் திருத்துவதா என்னும் கேள்வி பல சபைகளின் முன்னே எழுந்தது. சூரிய மின்சாரத்தை அவர்கள் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் கொள்கை சார்ந்தது. 2020 பெப்ரவரியில் திருச்சபையின் பொதுப் பேரவை கூடியபொழுது, வளிமண்டலத்தை வெப்பமாக்கும் கரியமில வாயுவைத் தன் கட்டடங்கள் நிகர அளவில் வெளியிடாத நிலையை 2030 ஆம் ஆண்டுக்குள் எய்துவதென முடிவு செய்தது. முதலில் முன்மொழியப்பட்ட ஆண்டு 2045. போதாது, விரைவு வேண்டும் என்ற குரலே வென்றது.

கிழக்கு நோக்கிய கட்டடம்

பழந் தேவாலயங்களைக் கட்டியோர் பலிபீடத்தைக் கிழக்கு முனையில் அமைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். ஆகவே கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். கூரையின் ஒரு சரிவு வடக்கையும், மற்றைச் சரிவு தெற்கையும் பார்க்கும். பக்தியினாற் பிறந்த இந்த அமைப்பு, சூரிய மின்சாரத்துக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்தி விடுகின்றது.

எவ்வாறெனின், நமது நாடு நிலநடுக்கோட்டை அடுத்துள்ளது. ஆண்டில் இருமுறை சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகின்றான். ஆகவே கூரை எத்திசையில் சரிந்தாலும் நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. இங்கிலாந்திலோ நண்பகற் சூரியன் எக்காலமும் தென் வானிலேயே நிற்பான். இலண்டனில் ஜூன் மாத நடுப்பகலில் அவன் அடிவானிலிருந்து 62 பாகை உயரத்தில் இருப்பான். டிசம்பரில் 15 பாகை உயரத்தையே எட்டுவான். அக்காலத்திற் பகற்பொழுதும் எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவே. ஆகையால் தெற்கு நோக்கிய சரிவே அங்கு விலைமதிப்புடையது. அத்தகைய சரிவொன்று ஏறக்குறைய ஒவ்வொரு பழந் தேவாலயத்திலும் இயல்பாகவே அமைந்துள்ளது.

மேகமூடிய நாட்டில் சூரியத் தகடு என்ன செய்யும் என மாணவர்கள் வினவலாம். தகட்டை இயக்குவது வெப்பமன்று, ஒளியே. ஒளி சிலிக்கன் படலத்தின் மீது படும்பொழுது அதனுள் இலத்திரன்கள் விடுபட்டு நகர்கின்றன. அந்த நகர்ச்சியே மின்னோட்டம். இவ்விளைவை 1839 இல் பிரெஞ்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். பயன்படத்தக்க சிலிக்கன் மின்கலத்தை 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் செய்து காட்டினர். தகடு அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அதன் திறன் குறையும். ஆதலின் குளிர்ந்த நாடு இதற்குப் பகையன்று. தகடு தருவது நேரோட்டம். இன்வேட்டர் என்னும் பொறி அதனை ஆடலோட்டமாக மாற்றிய பின்னரே விளக்கு எரியும்.

கண்ணுக்குத் தெரியுமா?

தகடு பயன் தரும் என்பது துணிந்த பின்னர் அடுத்த வினா எழுகின்றது: அது கட்டடத்தின் அழகைக் கெடுக்குமா?

இவ்வினாவின் வேரும் டியூக்ஸ்பரியிலேயே இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, திருத்துகின்றோம் என்ற பெயரால் பழங் கட்டடங்களைச் சுரண்டிப் புதுக்கும் வழக்கம் பரவியிருந்தது. டியூக்ஸ்பரித் தேவாலயத்துக்கும் அது நேரவிருப்பதை அறிந்த கவிஞர் வில்லியம் மொறிஸ், 1877 மார்ச்சில் 'அத்தீனியம்' என்னும் பத்திரிகைக்குக் காரசாரமான கடிதம் ஒன்று வரைந்தார். அதன் பயனாக அவ்வாண்டிலேயே பழங் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. முன்னோர் விட்டுச் சென்றதை இயன்ற அளவு தொடாது காத்தல் வேண்டும் என்னும் உணர்ச்சி அன்று தொட்டு அந்நாட்டில் வேரூன்றியது.

இக்காரணத்தால் ஒரு பங்குச் சபை தான் நினைத்தபடி கூரையில் ஓர் ஆணியும் அறைய முடியாது. முதலிற் சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அத்தியட்சாதீனத்தின் ஆலோசனைக் குழுவிடம் கருத்துக் கேட்க வேண்டும். அக்குழுவில் சிற்பக் கலைஞரும் வரலாற்று அறிஞரும் இடம்பெறுவர். பின்னர் ஆலயத்தில் 28 நாள் பகிரங்க அறிவித்தல் ஒட்டப்படும். மறுப்புள்ளவர் அக்காலத்திலே தம் மறுப்பைத் தெரிவிக்கலாம். இறுதியில் சான்சலர் எனப்படும் திருச்சபை நீதிபதி அனுமதிப் பத்திரம் வழங்குவார், அல்லது மறுப்பார். வெளித்தோற்றம் மாறுமாயின் உள்ளூர் அதிகார சபையின் திட்ட அனுமதியும் வேண்டப்படும்.

நீதிபதி எவ்வாறு முடிவு செய்கின்றார்? டஃபீல்ட் என்னும் ஊரின் தேவாலயம் பற்றி 2012 இல் மேல் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்கு வழிகாட்டியாக உள்ளது. முன்மொழிந்த மாற்றம் கட்டடத்தின் சிறப்புக்கு ஊறு செய்யுமா, செய்யுமாயின் அது எத்துணைப் பெரிது, மாற்றத்துக்குச் சொல்லப்படும் நியாயம் எவ்வளவு வலியது, அதனால் விளையும் பொதுநன்மை அந்த ஊறினும் மிகுந்ததா என்பனவே நீதிபதி கேட்கும் கேள்விகள். ஒரு தட்டில் ஊறு, மறு தட்டில் நன்மை. தராசு சாயும் பக்கமே தீர்ப்பு. 2022 ஜூலை முதலாந் தேதி தொடக்கம், மாற்றம் வேண்டி மனுச் செய்வோர் கரியமில வாயுக் குறைப்புப் பற்றிய வழிகாட்டலையும் கருத்திற்கொள்ள வேண்டுமென விதி திருத்தப்பட்டது. அதனால் நன்மைத் தட்டின் கனம் சற்றுக் கூடிற்று எனலாம்.

பழங் கொத்தர்களும் தம்மையறியாமலே இவ்வழக்குக்கு உதவி செய்திருக்கின்றனர். பதினைந்தாம் நூற்றாண்டையொட்டிய தேவாலயங்கள் பலவற்றில் ஈயக் கூரை அதிகஞ் சரியாது, தாழ்ந்து கிடக்கும். அதனைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் உயர்ந்திருக்கும். அத்தகைய கூரையில் தகடுகளைத் தாழ வைத்தால் நிலத்தில் நிற்போருக்கு அவை புலப்படா. குளோஸ்ரர்ஷயரின் விதிங்ரன் என்னும் சிற்றூரிலே, புனித மிக்கேல் தேவாலயத்தார் 2010 அளவிலேயே இத்துறையில் முன்னோடிகளாய் நின்றனர். டியூக்ஸ்பரிக்கு அண்மையிலுள்ள குளோஸ்ரர்ப் பேராலயத்திலும், 1089 இல் தொடங்கப்பெற்ற அப்பெருங் கட்டடத்தின் கூரைமேல், 2016 இல் 150 தகடுகள் பொருத்தப்பட்டன. எரிசக்திச் செலவில் ஏறத்தாழக் காற்பங்கு குறையுமென மதிப்பிட்டனர். வீதியில் நடப்பவன் அண்ணாந்து பார்த்தாலும் அவற்றைக் காண்பதரிது.

எல்லாவிடத்தும் இவ்வாறு மறைத்தல் கூடுவதில்லை. கேம்பிறிட்ஜ் நகரின் கிங்ஸ் கல்லூரி ஆலயம் பங்குத் தேவாலயமன்று. ஆயினும் உலகறிந்த கட்டடமாதலின் அதன் வழக்கு ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1446 இல் அடிக்கல் நாட்டி 1515 இல் முடித்த அந்த ஆலயத்தின் ஈயக் கூரையைப் புதுப்பிக்க நேர்ந்தபொழுது, உடன் சூரியத் தகடுகளையும் இட விரும்பினர். தேசிய மரபுச் சின்னங்களுக்கு ஆலோசனை கூறும் ஹிஸ்டோரிக் இங்கிலாந்து நிறுவனம் கட்டடத்தின் தோற்றம் கெடுமெனக் கவலை தெரிவித்தது. நகரசபையோ 2023 இல் அனுமதியளித்தது. இன்று 438 தகடுகள் அங்கே அமைந்துள்ளன. அவை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 123,000 அலகு மின்சாரம் தரும் எனக் கணக்கிடப்பட்டது. இரு பக்கத்தாரும் ஆலயத்தின்மீது அன்புடையோரே. கையளிக்கப்பட்ட உருவத்தைக் காப்பது ஒருவர்தம் கடமை உணர்ச்சி. வரப்போகும் சந்ததியின் காற்றைக் காப்பது மற்றவர்தம் கடமை உணர்ச்சி.

கூரைமேல் ஏறுமுன்

அனுமதி கிடைத்தாலும் பொறியியலாளரின் கேள்விகள் காத்திருக்கின்றன. ஒரு தகடு ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறையுடையது. நாற்பது தகடு எனின் 800 கிலோகிராம்; தாங்கு சட்டங்களின் நிறை வேறு. இவற்றோடு பனியும் புயற்காற்றும் சேரும். பழைய கருவாலி மர உத்திரங்கள் இதனைத் தாங்குமா என ஆராய வேண்டும். ஈயத் தகட்டைத் துளைத்தால் நீர் ஒழுகும். எனவே ஈயத்தின் மடிப்பு விளிம்புகளைக் கவ்விப் பிடிக்கும் பிடிகளை வைத்துத் துளையிடாமற் பொருத்துகின்றனர். பின்னொரு காலத்தில் கழற்றி எடுத்தால் தழும்பின்றிக் கூரை பழைய நிலைக்கு மீள வேண்டும் என்பது இங்கே தலையாய நெறி.

கூரையின் ஆயுளும் கவனிக்கத்தக்கது. தகடு 25 ஆண்டுக்கு மேல் உழைக்கக் கூடியது. பத்தாண்டில் மாற்ற வேண்டிய கூரையின்மேல் அதனை வைத்தால், சாரம் கட்டும் செலவு இருமுறை ஏற்படும். ஆகவே கூரை வேயும் காலமே தகடு வைக்கவும் ஏற்ற காலம் என்பது அனுபவ உண்மை. இடிதாங்கியின் பாதை, கோபுரத்தின் நிழல், தீயணைப்போர் மின்சாரத்தை நிறுத்துதற்கு வேண்டிய வசதி என்பவற்றையும் நோக்குவர். வௌவால்களையும் மறத்தலாகாது. பழங் கூரைகளின் இடுக்குகளில் வாழும் வௌவால்களை அந்நாட்டுச் சட்டம் காக்கின்றது. அவை தங்குமிடமாயின் அவற்றின் காலமறிந்தே வேலை தொடங்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்?

இனிச் சபையின் பொருளாளரது மேசைக்கு வருவோம். சிறிய தொகுதியொன்றுக்கும் பல ஆயிரம் பவுண் தேவை. அதனைத் திரட்டும் வழிகள் பல. ஒரு தகட்டின் விலையை ஒரு குடும்பம் ஏற்பது பெரிதும் கையாளப்படும் முறை. இறந்த பெற்றோரின் நினைவாக ஒரு தகடு, பிள்ளையின் ஞானஸ்நான நினைவாக மற்றொன்று எனக் கொடுப்பார் உளர். வருமான வரி செலுத்துவோர் ஓர் அறநிலையத்துக்கு ஒரு பவுண் கொடுத்தால், அரசு அதனோடு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு அங்குண்டு. அதனால் 80 பவுண் நன்கொடை 100 பவுணாகின்றது. அறப்பணிக்கே உரிய கட்டடங்களில் தகடும் பற்றரியும் பொருத்தும் வேலைக்கு, 2024 பெப்ரவரி முதல் 2027 மார்ச் முடிய, பெறுமதி சேர்த்த வரி விலக்கப்பட்டது. அதற்கு முன் அவ்வரி நூற்றுக்கு 20. திருச்சபைத் தலைமையும் கரியமில வாயுக் குறைப்புக்கென ஒன்பது ஆண்டுகளில் 19 கோடி பவுண் ஒதுக்குவதாக 2022 இல் அறிவித்தது. சில ஊர்களில் அயலவர் கூட்டுறவாகப் பங்குப் பணம் இட்டுத் தகடுகளை நிறுவி, மின்சாரத்தை ஆலயத்துக்குக் குறைந்த விலையில் விற்கின்றனர்.

போட்ட முதல் எவ்வாறு திரும்பும்? இங்கேதான் அரசின் கொள்கை மாற்றம் ஒன்று முழுக் கணக்கையும் புரட்டிவிட்டது. 2010 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தின்படி, உற்பத்தியாகும் ஒவ்வோர் அலகுக்கும் உரிமையாளருக்குப் பணம் கிடைத்தது. அதனை அவர் உபயோகித்தாலும் வெளியே அனுப்பினாலும் வேறுபாடில்லை. வாரம் முழுதும் பூட்டிக் கிடந்த ஆலயத்துக்கும் கூரை வருமானம் தந்தது. 2019 மார்ச் இறுதியில் அத்திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. 2020 ஜனவரி தொடக்கம் வழக்கிலுள்ள ஏற்பாட்டில், வெளியே அனுப்பும் அலகுக்கு மட்டுமே பணம். அந்த விலையும் நாம் வாங்கும் மின்சாரத்தின் விலையிலும் பொதுவாகக் குறைவு.

ஞாயிறு மட்டும் திறக்கும் கதவு

மாணவர்களுக்கு விளங்குமாறு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 15,000 பவுண் செலவில் அமைந்த தகடுகள் ஆண்டுக்கு 9,000 அலகு தருவதாகக் கொள்வோம். வாங்கும் விலை அலகுக்கு 25 பென்ஸ், விற்கும் விலை 10 பென்ஸ் எனவும் வைப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் ஆலயம் 1,000 அலகையே தான் உபயோகிக்கும். அதனால் மிச்சம் 250 பவுண், எஞ்சிய 8,000 அலகை விற்று 800 பவுண், ஆக 1,050. முதல் மீள 14 ஆண்டுக்கு மேலாகும். வாரமுழுதும் திறந்து 5,000 அலகை உபயோகிக்கும் ஆலயத்துக்கோ மிச்சம் 1,250, விற்பனை 400, ஆக 1,650 பவுண். அங்கே முதல் ஏறக்குறைய ஒன்பது ஆண்டில் மீண்டு விடும். கூரை ஒன்றே, வெயில் ஒன்றே. வேறுபாடு கதவிலே இருக்கின்றது.

பற்றரி வைத்து நண்பகல் மின்சாரத்தை மாலைக்குச் சேமிக்கலாம். ஆனால் ஜூன் மாத வெயிலை ஜனவரிக்குச் சேமிக்க அந்தப் பற்றரி உதவாது. பழந் தேவாலயத்தின் எரிசக்தியிற் பெரும்பகுதி குளிர்காலச் சூடேற்றலுக்கே செலவாகின்றது. அப்பொழுதோ தகடுகள் மிகக் குறைவாகவே தரும். எனவே ஆசனங்களின் கீழ் மின்சூடேற்றி வைப்பதும், கதவிடுக்குகளை அடைப்பதும், பீலிகளைச் சுத்தஞ் செய்து சுவரை ஈரமின்றிக் காப்பதும், விளக்குகளைச் சிக்கனமானவையாக மாற்றுவதும் முதலில் செய்யத்தக்கன என அறிந்தோர் கூறுவர். ஈரச் சுவர் வெப்பத்தை விழுங்கும். மாதம் ஒருமுறை மட்டும் வழிபாடு நடக்கும் சிற்றாலயத்துக்குத் தகடு தேவையே இல்லை என்ற முடிவும் ஏற்புடையதே. அது தோல்வியன்று, தன் அளவை அறிந்து நடத்தலாகும்.

ஆகவே, தகடு வைக்கலாமா என்னும் கேள்வியோடு தொடங்கும் ஒரு சபை, சிறிது தூரம் சென்றதும் வேறொரு கேள்வியின் முன்னே வந்து நிற்கின்றது. திங்கள் முதல் சனி வரை இந்த ஆலயம் யாருக்காக? சிறுவர் பாலர் வகுப்புக்கு இடமளிக்கலாமா? தனித்திருக்கும் முதியோர் வந்து தேநீர் அருந்தி உரையாட ஒரு மண்டபம் ஆகுமா? வறியோருக்கு உணவுப் பொருள் பகிரும் நிலையம் ஆகுமா? இவற்றுக்கு விடை கண்ட சபை, நீதிபதியின் முன் பொதுநன்மையை எடுத்துச் சொல்வதற்கும் வலிமை பெறுகின்றது. கணக்குப் புத்தகத்திலும் இலாபம் காண்கின்றது. விடை காணாத சபைக்குக் கூரை நிறையத் தகடு இருந்தும் பயன் சிறிதே.

எட்டாம் ஹென்றி காலத்தில் டியூக்ஸ்பரி மக்கள் கூரைக்கும் மணிக்கும் விலை கொடுத்தனர். அவர்கள் அப்பணத்தாற் காத்தது அவ்வுலோகத்தின் கீழே கூடும் ஊரை. கூரையின் மதிப்பு அதன் கீழே கூடுவோரால் வருவது என்பதை அன்று ஈயம் சொல்லிற்று. இன்று சிலிக்கன் சொல்கின்றது. வானத்து ஞாயிறு ஏழு நாளும் தன் கடனைச் செய்கின்றது. அந்த ஒளியைப் பெறும் ஆலயமும் ஏழு நாளும் கதவு திறக்குமாயின், அக்கூரை இன்னும் பல தலைமுறைக்கு நிழல் தரும் என்பதில் ஐயமில்லை.